ரசீதம்மாவின் இருபத்தேழு சீட்டுகள்

10-02-2006 — 40,000
10-03-2006 — 1,016
10-04-2006 — 1,016
10-05-2006 — 1,016
10-06-2006 — 1,016
10-07-2006 — இல்லை
10-08-2006 — இல்லை
10-09-2006 — இல்லை
09-10-2006 — 3,228
10-10-2006 — 1,016
10-01-2007 — 4,266
10-11-2007 — 1,266
10-03-2009 — 1,266
30-03-2009 — 67
10-09-2009 — 987

இது என் நீல அட்டை நோட்டிலிருந்து எடுத்த பட்டியல். இடையில் ஒரே தொகை திரும்பத் திரும்ப வரும் மாதங்களை விட்டிருக்கிறேன். முதல் வரி கடன் வாங்கிய தொகை. அடுத்த நான்கு வரிகள் கீழ்வீட்டு அம்மாவின் தம்பி கட்டியவை. மற்றவை அந்த அம்மா கட்டியவை, கடைசிக்கு முந்தைய வரி நீங்கலாக. அந்த அறுபத்தேழு நான் கட்டியது. அது என் தவறுக்கான தொகை.

எங்கள் கட்டடத்தில் தளத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வீடுகள். நானும் என் மனைவியும் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அந்த அம்மா தரைத்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய இரண்டு அறைகளில் இருந்தார். ஓர் அறையின் ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்துமிடம். இன்னொன்றுக்கு ஜன்னலே இல்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்த அவருடைய கணவர், பதினெட்டு வருடச் சேமிப்பைக் கொட்டி அந்த வீட்டை வாங்கி, மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டு, மறு வருடமே இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. "இந்த ரெண்டு ரூமும் போச்சுன்னா நான் வெறும் ஒரு பெட்டி அண்ணே. யார் வீட்டு மூலையிலயாவது வைக்க வேண்டியதுதான்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அவரைக் கட்டடத்தில் எல்லோரும் ரசீதம்மா என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபிக்க மாட்டார். காரணம் அவருடைய வேலை. பெரிய மருத்துவமனை ஒன்றின் லாண்டரியில் இருபத்திரண்டு வருடமாக இருந்தார். துவைப்பது அவர் வேலையல்ல, எண்ணுவதுதான். துவைத்து, உலர்த்தி, மடித்த விரிப்புகளை எண்ணிக் கட்டி, ஜன்னல் வழியாகத் தள்ளுவண்டிக்காரரிடம் கொடுப்பார். மூட்டைக்கு ஒரு சீட்டு. நடுவில் கிழித்தால் ஒரு பாதி மூட்டையோடு போகும், மறு பாதி இவரிடம் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நாற்பது விரிப்புகள் இருந்த மூட்டை ஒன்றில் எண்ணிக்கையை மட்டும் எழுதி, எந்த வார்டுக்கு என்பதை எழுதாமல் விட்டுவிட்டார். வார்டு எழுதாத மூட்டை பொது அலமாரிக்குப் போகும் என்பது அங்கே விதி. பொது அலமாரிக்குப் போன துணியை எவர் வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுத்தார்கள். கேட்டு வைத்திருந்த வார்டுக்கு விரிப்பு போய்ச் சேரவில்லை. நாற்பது விரிப்பின் விலையும் இவர் சம்பளத்தில் ஐந்து மாதம் பிடிக்கப்பட்டது. அதன் பிறகு எதைக் கொடுத்தாலும் எத்தனை, யாருக்கு என்ற இரண்டையும் சீட்டின் இரண்டு பாதியிலும் எழுதுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் என் மனைவி அவரிடம் குக்கரை இரவல் வாங்கி வந்தாள். கூடவே ஒரு துண்டுத்தாள். "மூன்றாம் மாடி அண்ணிக்கு. குக்கர் ஒன்று, மூடியுடன்."

"ஏங்க, நான் என்ன மூடியைத் தின்னுடுவேனா?" என்று என்னிடம் வந்து சிரித்தாள் மனைவி. குக்கரைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டாராம்.

எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் மீட்டர் பதிவேடு எழுதியவன். ஓய்வு பெற்ற பிறகும் பால் கணக்கு, மின் கணக்கு, மழை பெய்த நாள் என்று ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

இனி கடனுக்கு வருகிறேன். அந்த அம்மாவின் தம்பி சரக்கு வேன் ஓட்டி வந்தான். வாடகைக்கு ஓட்டியவனுக்குச் சொந்த வேன் வாங்கும் ஆசை வந்தது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அக்கா பெயரில் நிதி நிறுவனம் ஒன்றில் 40,000 வாங்கினார்கள். வருடத்துக்குப் பதினெட்டு வட்டி, அறுபது தவணை, தவணைக்கு 1,016. தம்பி கட்டுவதாகப் பேச்சு. நான்கு மாதம் கட்டினான். ஐந்தாம் மாதம் வேனும் இல்லை, தம்பியும் இல்லை. வேறு ஊரில் இருப்பதாகத் தகவல் மட்டும் வந்தது.

05-10-2006, வியாழக்கிழமை மாலை, அந்த அம்மா ஒரு நோட்டீஸோடு மாடி ஏறி வந்தார். மூன்று தவணை பாக்கி 3,048, தாமதக் கட்டணம் தவணைக்கு 60 வீதம் 180, ஆக 3,228. பத்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் அடகுச் சொத்தின் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தது.

"நடவடிக்கைன்னா வீட்டைப் பூட்டுவாங்களா அண்ணே?"

"பூட்டுவாங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கூடப் பொறந்தவன் கேட்டான். அந்த நேரத்துல உங்களைத் தேடியா மாடி ஏறுவேன்?"

உள்ளேயிருந்து என் மனைவி, "கேட்டிருந்தா மட்டும்? இவர் ஒரு நோட்டைப் போட்டுத் தேதி எழுதியிருப்பார், அவ்வளவுதான்" என்றாள்.

நோட்டை எடுத்து வந்து தேதி எழுதத்தான் செய்தேன். பிறகு அவரிடம் உள்ளது, அவர் கொடுக்க வேண்டியது, அவருக்கு வருவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாதச் சம்பளம் 2,900. மளிகைக் கடைப் பாக்கி 410. கூட வேலை பார்க்கும் மடிப்புக்காரியிடம் கைமாற்று 300. சேமிப்பு உண்டா என்றேன்.

"ஒண்ணு இருக்கு. அது சேமிப்புல வராது" என்றார்.

"சேமிப்புல வராத சேமிப்பு என்னம்மா?"

"என் கடைசிச் செலவுக்கு வச்சிருக்கேன். செத்தா எடுத்துப் போட ஆள் வேணும், வண்டி வேணும். யாரும் கைய விட்டுச் செலவு பண்ணிட்டு என்னைத் திட்டக் கூடாது. அஞ்சல் அலுவலகத்துல 7,400 இருக்கு."

"வட்டி?"

"நாலு."

"அப்போ சாவறதுக்கு நாலு வட்டி வாங்கறீங்க, வாழறதுக்குப் பதினெட்டு வட்டி கட்டறீங்க. இது என்னம்மா கணக்கு?"

அவர் நோட்டீஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று மனைவி என்னை ஒரு மணி நேரம் திட்டினாள். ஆனால் நான்காம் நாள், திங்கட்கிழமை, அந்த அம்மா 3,228 எடுத்துப் பாக்கியைக் கட்டிவிட்டு, ரசீதை என் நோட்டுக்காகக் காட்டிவிட்டுப் போனார். மறுநாள் அக்டோபர் தவணையும் கட்டினார்.

வீடு அப்போதைக்குத் தப்பியது. ஆனால் வேறொரு கணக்கு இடித்தது. அறுபதாவது தவணை 10-02-2011. அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு 30-09-2009. அதற்குப் பின் மாதம் 740 ஓய்வூதியம் மட்டும்தான் வரும். 740 வாங்குபவர் 1,016 கட்ட முடியாது. மூன்று தவணை தவறினால் பழைய நோட்டீஸ் மறுபடியும் வரும். ஆக, கடைசிச் சம்பளத்துக்குள் முழுக் கடனும் தீர வேண்டும்.

டிசம்பரில் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து நான் ஒரு திட்டம் போட்டேன். லாண்டரியில் ஞாயிறு வேலைக்குத் தனிக் கூலி, நாளுக்கு 70. மாதம் நான்கு ஞாயிறு என்றால் 280. பேருந்துக்கு 30 போக 250 மிஞ்சும். அந்த 250-ஐத் தவணையோடு சேர்த்து 1,266 ஆகக் கட்டுவது. ஐந்து ஞாயிறு வரும் மாதத்தில் அந்த ஐந்தாவது கூலி மளிகைக் கடைக்கும் மடிப்புக்காரிக்கும். அஞ்சலக மீதி 4,172-இல் 3,000 எடுத்து முதலிலேயே அசலில் கழிப்பது. அப்படிச் செய்தால் 2009 செப்டம்பர் பத்தாம் தேதி கடைசிப் பணம். ஓய்வுக்கு இருபது நாள் முன்னால்.

"உழுதவன் கணக்குப் பார்த்தா உழக்கும் மிஞ்சாதுன்னு சொல்வாங்க" என்றார் அந்த அம்மா.

"நீங்க உழுங்க. கணக்கை நான் பார்த்துக்கறேன்."

"கூடுதலா கட்டினா அசல்ல போகும்தானே?"

"வேற எங்க போகும்?" என்றேன் நான். இந்தப் பதிலை அன்றைய தேதியிட்டு நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பின்னால் பார்க்கச் சங்கடமாக இருந்திருக்கும்.

மூவாயிரத்தை எடுக்க அவர் சம்மதித்தார். மீதி 1,172-ஐ மட்டும் தொடக் கூடாது என்றார். "வண்டிக்காவது இருக்கட்டும்."

10-01-2007 அன்று 4,266 கட்டிவிட்டு வந்தார். நிறுவனத்தின் பணம் கட்டும் சீட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. "நம்ம லாண்டரி சீட்டு மாதிரியே நடுவுல கிழிக்கறாங்க அண்ணே. அவங்ககிட்ட பாதி, நம்மகிட்ட பாதி." தொகையைக் கேட்டு நோட்டில் பதித்துக்கொண்டேன். சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. தொகைதானே வேண்டும்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் எழுத அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்குக் கீழே கதவு பூட்டும் சத்தம் கேட்கும். டிரையர் பக்கத்தில் நின்று நின்று அவருக்குக் கண் எரிச்சல் நிரந்தரமாயிற்று. சம்பளத்திலிருந்தும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்ததில், மளிகைக் கடைப் பாக்கி 2007 டிசம்பரிலும் கைமாற்று 2009 பிப்ரவரியிலும் தீர்ந்தன. மடிப்புக்காரி, "ஏன்க்கா, நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு, அதுக்குள்ள என்ன அவசரம்? இனி நான் யார்கிட்ட பாக்கி கேக்கறது?" என்றாளாம். தம்பி ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு எவ்வளவு மிச்சம் என்று கேட்டிருக்கிறான். "உன் கணக்கு தனி. அது இந்த நோட்டுல வராது" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தத் தனிக் கணக்கு என்னிடம் இல்லை.

ஒரு மாதம் மட்டும் நான் போய்க் கட்டினேன். 10-11-2007, சனிக்கிழமை. அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். பணத்தை எண்ணி என்னிடம் கொடுத்து, "சீட்டை நல்லா எழுதிடுங்க அண்ணே" என்றார். பதிவேடு எழுதியே வயதானவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு போனேன். கணக்கு எண், பெயர், தேதி, தொகை எண்ணிலும் எழுத்திலும். இரண்டு பாதியிலும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அடியில் 'விவரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுத ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. வெற்றுக் கட்டத்தை வெற்றாக விடக் கூடாது, பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடலாம் என்பது எங்கள் அலுவலகப் பாடம். எனவே அளவுகோல் வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து அடைத்தேன்.

10-03-2009 அன்று அந்த அம்மா இருபத்தேழாவது முறையாக 1,266-ஐக் கட்டப் போனார் (முதல் முறை 4,266). இன்னும் ஆறு மாதம்தானே, மீதியைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றி, கவுன்ட்டரில் கேட்டிருக்கிறார். அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். நேரே மாடிக்கு வந்து என் முன்னால் வைத்தார். கடனை முழுதாகத் தீர்க்கக் கட்ட வேண்டியது 9,872.

என் நோட்டில் அதே தேதிக்கு 6,957.

"அவங்க தப்பாப் போட்டிருக்காங்க" என்றேன்.

"அப்படியா? வழியெல்லாம் இதையேதான் பார்த்துட்டு வந்தேன் அண்ணே."

தாளை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கூட்டிக் கழித்தேன். அவர்கள் தப்பாகப் போடவில்லை. அசல் மீதி 19,622 என்று இருந்தது. அது கூடுதலாக ஒரு காசுகூடக் கட்டாதவருக்கு இருக்க வேண்டிய மீதி. அதற்குக் கீழே, 'முன்பணம் கையிருப்பு 9,750' என்று இருந்தது. மூவாயிரமும், இருபத்தேழு இருநூற்றைம்பதும். நாங்கள் கட்டிய கூடுதல் பணம் எதுவும் அசலில் கழியவில்லை. வரப்போகும் தவணைகளுக்காக வட்டியில்லாமல் அங்கே சும்மா கிடந்தது. முழு அசலுக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் 2,915. அவருடைய ஒரு மாதச் சம்பளம், அதற்கு மேல் பதினைந்து.

என் நோட்டில் ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. இருபத்தாறு மாதமாக அந்த நிறுவனத்திடம் ஒரு முறையாவது மீதியைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் பிசகு. முப்பத்து நான்கு வருடம் மீட்டரைப் பார்க்காமல் எழுதாதே என்று மற்றவர்களுக்குச் சொன்னவன் நான்.

இதை அவரிடம் அப்படியே சொன்னேன். மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். 

அந்த அம்மா திட்டவில்லை. "உங்க நோட்டு சரியாத்தான் இருந்திருக்கும் அண்ணே. அதை அவங்களுக்கு யார் சொன்னது?" என்றார். பிறகு, "ஆறு மாசத்துல இன்னொரு சம்பளம் எங்கேருந்து வரும்? ஞாயித்துக்கிழமை ஒண்ணுதானே இருக்கு வாரத்துக்கு" என்றார். ஜாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பதுபோல ஏதோ சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். வாசலில் இருந்த செருப்பைக் காலால் துழாவினார்.

தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விதிகள் அச்சிட்டிருந்தன. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். ஏழாவது விதி: "கூடுதலாகச் செலுத்தப்படும் தொகை எதற்கானது எனச் செலுத்துபவர் சீட்டில் எழுதியிருந்தாலன்றி, அது வரும் தவணைகளுக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளப்படும்."

அந்த அம்மா செருப்பை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தேன்.

"அதாவது, யாருக்குன்னு எழுதலன்னா பொது அலமாரிக்குப் போயிடும். அதானே சொல்றாங்க?"

"அதேதான்."

"நான் எழுதியிருக்கேனே."

இறங்கிப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே சீட்டுகள், மாத வரிசையில், லாண்டரி நூலால் கட்டி. முதல் சீட்டில் விவரக் கட்டத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது: "1,016 தவணைக்கு. 3,250 அசலுக்கு." அடுத்ததில்: "1,016 தவணைக்கு. 250 அசலுக்கு." அதற்கடுத்ததும் அப்படியே. ஒவ்வொன்றின் மேலும் நிறுவனத்தின் வட்ட முத்திரை விழுந்திருந்தது.

"அவங்க பாதியிலயும் எழுதினீங்களா?"

"ரெண்டு பாதியிலயும் எழுதலன்னா அது என்ன சீட்டு?" என்றார் அவர்.

12-03-2009 அன்று இருவரும் நிறுவனத்துக்குப் போனோம். மேலாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சிஸ்டத்துல ஏறலையேம்மா. கவுன்ட்டர்ல தொகையை மட்டும்தான் அடிப்பாங்க. விவரக் கட்டத்தை யாரும் படிக்கறதில்ல" என்றார்.

"படிக்காததுக்கா கட்டம் போட்டு வச்சிருக்கீங்க?"

"உங்க பாதியில பின்னாடி எழுதியிருக்கலாம்னு மேல கேப்பாங்கம்மா. நான் கேக்கல."

"அதுக்குத்தான் உங்க பாதி இருக்கே, தம்பி. எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நான் இருக்கேன். இன்னைக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. பதிவறையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள் வந்தன. எழுத்தர் ஒவ்வொன்றாகத் தேட, அந்த அம்மா பொறுக்காமல், "இங்க கொடுப்பா" என்று கட்டை வாங்கி, விரிப்பு எண்ணுகிற கட்டைவிரலால் விசிறிபோலத் தள்ளி, தன் பாதிகளைத் தானே உருவி வைத்தார். மேலாளர் இரண்டு பாதிகளையும் கிழிசலோடு கிழிசல் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. "அசலுக்கு" என்பது இரண்டிலும் இருந்தது.

பதினோராவதில் நின்றார்.

"இது உங்க கையெழுத்து இல்லையேம்மா."

எட்டிப் பார்த்தேன். 10-11-2007. என் எழுத்து. விவரக் கட்டத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடு, இரண்டு பாதியிலும்.

"நான் எழுதினது" என்றேன்.

"எழுதாம விட்டிருந்தாக்கூட மறந்துட்டாங்கன்னு சொல்லலாம் ஐயா. நீங்க ஒண்ணும் இல்லன்னு கோடு போட்டு அடைச்சிருக்கீங்க. இதை நான் ஏத்துக்க முடியாது."

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. அந்த மூன்று நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வீடு திரும்பும்போது பேருந்தில், "அண்ணிகிட்ட சொல்லட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"நானே சொல்லிடறேன்."

"சொல்லிட்டு நோட்டுலயும் எழுதிடுங்க."

நிறுவனத்தின் கடிதம் 27-03-2009, வெள்ளிக்கிழமை வந்தது. இருபத்தாறு சீட்டுகளின் கூடுதல் தொகையும் கட்டிய தேதியிலிருந்தே அசலில் கழிக்கப்பட்டது. மீதி ஒன்று, அதாவது நான் எழுதியது, முன்பணமாகவே கொள்ளப்பட்டது. அந்த 250-ஐயும் இப்போது கழித்தால் மீதி 7,024. என் நோட்டின் 6,957-க்கும் அதற்கும் வித்தியாசம் 67. பதினாறு மாதம் 250 சும்மா கிடந்ததற்கான வட்டி அது. நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன். 67 சரிதான்.

அந்த 67-ஐ நான் கட்டுவதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். "எனக்காகப் போனீங்க. காய்ச்சல்ல நானே போயிருந்தா பஸ் காசு ஆகியிருக்காதா?"

"பஸ் காசு அறுபத்தேழு ஆகாது. தப்பு என்னுது. கணக்குல தப்பு பண்ணவன்தான் ஈடு கட்டணும். உங்க நாப்பது விரிப்புக்கு உங்ககிட்டதானே பிடிச்சாங்க?"

அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை. 30-03-2009 அன்று நானே போய்க் கட்டினேன். விவரக் கட்டத்தில் இரண்டு பாதியிலும் "67 அசலுக்கு" என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், இதைப் படியுங்கள் என்றும் சொன்னேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் படித்தாள். சாயங்காலம் அந்த அம்மா என் மனைவியிடம் ஒரு துண்டுத்தாள் கொடுத்தனுப்பினார். "மூன்றாம் மாடி அண்ணனிடமிருந்து பெற்றது 67. வீட்டுக் கடனின் அசலுக்கு." அதை நோட்டின் அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதம் 1,266. மாதாமாதம் அவர் மீதியைக் கேட்டு அச்சிட்ட தாளை வாங்கி வந்தார். நான் நோட்டோடு ஒப்பிட்டு ஓரத்தில் குறி போட்டேன். 10-09-2009 அன்று கடைசித் தொகை 987. வழக்கமான 1,266-இல் மிஞ்சிய 279-ஐ அன்றே அஞ்சல் அலுவலகத்தில், அந்தச் சேமிப்பில் வராத சேமிப்பில் போட்டார். பழைய 1,172-உடன் சேர்த்து, வட்டி நீங்கலாக, 1,451.

"இப்போ சாவறதுக்கு நாலு வட்டி வாங்கலாமா அண்ணே? உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?"

"இல்ல. ஆனா அவசரப்பட வேண்டாம். இன்னும் தொகை பத்தாது."

"பத்தாதுன்னுதான் நானும் இருக்கேன்" என்றார்.

பணம் கட்டி முடித்தும் பத்திரம் கைக்கு வரவில்லை. பதினைந்து நாளுக்குள் தபாலில் வரும் என்றார்கள். அந்த நாட்களில் அவர் வேலைக்குப் போகும்போது அஞ்சல்பெட்டியைத் திறந்து பார்ப்பார், வரும்போதும் பார்ப்பார். அவர் இல்லாதபோது வந்தால் கூப்பிடச் சொல்லி என் மனைவியிடம் லாண்டரியின் எண்ணைக் கொடுத்திருந்தார். பதிவுத் தபால் வந்தபோது அவர் வீட்டில்தான் இருந்தார். தபால்காரர் கையெழுத்துக்குத் தாளை நீட்ட, "ஒரு நிமிஷம் நில்லுப்பா" என்று உறையைப் பிரித்துப் பக்கங்களை எண்ணினார். கடன் தீர்ந்ததற்கான கடிதம் ஒன்று, வீட்டுப் பத்திரம் பதினொரு பக்கம். எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தபால்காரரிடம், "எத்தனை பக்கம்னு இதுல எழுத இடம் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றார் அவர்.

உறையின் மேல் ஓரத்தில் நான் எழுதி வைத்த தேதி: 24-09-2009, வியாழக்கிழமை.